தோழியின் கணவருக்கு ரெஃபரல்: மறுப்பதன் நியாயமும் மறுக்கும் விதமும்

“உங்க கம்பெனியில ஓப்பனிங் இருக்காமே, இவரை ரெஃபர் பண்ணிவிடுறியா? ரெஸ்யூம் அனுப்புறேன்.”

சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் நாலைந்து வருடம் வேலை பார்த்த எவருக்கும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கும். கூடப் படித்தவர் தனக்காகக் கேட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆளைத் தெரியும், எப்படி வேலை செய்வார் என்பதும் ஓரளவு தெரியும். கேட்பது தோழி, வேலை தேடுவது அவள் கணவர் என்னும்போதுதான் கை தயங்குகிறது. அவரைக் கல்யாணத்தில் பார்த்திருப்போம், குழந்தையின் முதல் பிறந்தநாளில் பார்த்திருப்போம். வீட்டுக்குப் போனால் “வாங்க, சாப்பிட்டீங்களா” என்ற அளவில் பேச்சு. ஆபீசில் அவர் எப்படி இருப்பார் என்று நமக்கு என்ன தெரியும்?

இந்தத் தயக்கம் வந்ததுமே பலருக்குக் குற்ற உணர்வும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு ரெஸ்யூமை ஏற்றிவிட ஐந்து நிமிடம்கூட ஆகாதே, இதற்குப் போய் யோசிக்கிறோமே என்று. யோசிப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

ரெஃபரல் என்றால் ஆபீசில் நடப்பது இதுதான். நிறுவனத்தின் உள் போர்ட்டலில் நம் ஐ.டி.யில் நுழைகிறோம். காலியிடத்தின் ஜாப் ஐ.டி.யைத் தேர்ந்தெடுத்து, ரெஸ்யூமை ஏற்றி, அவருடைய மெயில், போன் எண்ணைப் போடுகிறோம். அடுத்து வரும் கேள்விகளைப் பலர் கவனிப்பதே இல்லை: இவரை எப்படித் தெரியும்? எத்தனை வருடமாகத் தெரியும்? ஏன் பரிந்துரைக்கிறீர்கள்? எதையாவது தட்டிவிட்டு சப்மிட் கொடுத்துவிடுகிறோம். அந்த நொடியிலிருந்து அவர் பெயரோடு நம் எம்ப்ளாயி ஐ.டி. ஒட்டிக்கொள்கிறது. தேர்வாகி, குறிப்பிட்ட சில மாதம் நிலைத்தால் நமக்கு போனஸ் வரும். எல்லா நிறுவனத்திலும் கேள்விகள் இதே மாதிரி இருக்காது. சில இடங்களில் பெயரும் ரெஸ்யூமும் மட்டும் போதும். எப்படியானாலும் பணம் தருவதற்குக் காரணம் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஒருவர் ஆளைப் பார்த்து, தெரிந்து அனுப்புகிறார் என்று நிறுவனம் நம்புகிறது.

இதைவிடக் கனமானது ரெஃபரன்ஸ். விண்ணப்பித்தவர் தன் பழைய மேலாளர்கள் இரண்டு பேருடைய பெயரையும் எண்ணையும் கொடுப்பார். ஹெச்.ஆர்.தான் கூப்பிடலாம், அல்லது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சி கூப்பிடலாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார், என்ன பொறுப்பு, ஏன் விலகினார், திரும்ப வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பார்கள். சில நேரம் தோழியின் கோரிக்கை இங்கேயே வந்து நிற்கும்: “முன்னாடி உன் டீம்ல இருந்தாருன்னு மட்டும் சொல்லிடேன்.” இதில் யோசிக்க ஒன்றுமில்லை, அது பொய். பிடிபடவும் அதிக நேரம் ஆகாது. 2014-இல், எத்தனை நிறுவனம் மாறினாலும் பி.எஃப்.புக்கு ஒரே எண் என்ற யூ.ஏ.என். வந்த பிறகு, ஒருவர் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பி.எஃப். கணக்கிலேயே வரிசையாக இருக்கிறது. 2022 நவம்பரில் அக்சென்சர், இல்லாத நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்று வாங்கி இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்தவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றியதாக வெளிப்படையாகவே அறிவித்தது. பொய்ச் சான்றுக்குத் துணை நின்றவருக்கும் அதே கதி வரலாம்.

பொய் சொல்லச் சொல்லாமல் சாதாரண ரெஃபரல் மட்டும் கேட்டாலும் தயங்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தின் மையம்.

தோழியின் கணவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தோழி வழியாகத் தெரிந்தது. அவர் ரொம்ப நல்லவர் என்று அவள் சொல்லியிருப்பாள். வேறு ஒரு இரவு, அழுதுகொண்டே வேறு சிலதும் சொல்லியிருப்பாள். போன வேலையை மேனேஜரோடு சண்டை போட்டு விட்டது, இரண்டு மாதம் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனது, குடி, கோபம், கடன். ஒரு மனைவி தன் சிநேகிதியிடம் பாரத்தை இறக்கிவைத்த பேச்சு அது. அதை ஆபீஸ் வாசலுக்குள் எடுத்துப்போக நமக்கு உரிமை கிடையாது. “போன இடத்தில் சண்டை போட்டுத்தான் வந்தார்” என்று ஹெச்.ஆர். காதில் போட்டால் அது தோழிக்குச் செய்யும் துரோகம். தெரிந்தும் மறைத்து, “பொறுப்பானவர், எல்லாரோடும் ஒத்துப்போவார்” என்று போர்ட்டலில் எழுதினால், நம்மை நம்பி நாளை அவரோடு உட்காரப்போகும் டீமுக்குச் செய்யும் துரோகம். நல்லதாக மட்டுமே தெரிந்திருந்தாலும் நிலைமை மாறாது. மனைவிக்கு நல்ல கணவர், குழந்தைக்கு நல்ல அப்பா என்பது ஒருவரைப் பற்றிப் பெரிய சேதிதான். ஆனால் ரிலீஸுக்கு முந்தைய இரவு புரொடக்‌ஷனில் ஏதோ விழுந்துவிட்டால் இவர் என்ன செய்வார் என்பதற்கு அது பதில் சொல்லாது.

ஆக, நட்பின் வழியே வந்த அறிவு சாட்சி சொல்ல உதவாது. எதிராகவும் உதவாது, ஆதரவாகவும் உதவாது. இந்த நிலையில் ஒதுங்கிக்கொள்பவர் இரண்டு பக்கத்துக்கும் உண்மையாக நடக்கிறார்.

சேர்ந்த பிறகு இதே சிக்கல் தலைகீழாகத் திரும்பும். அவர் நம் நிறுவனத்துக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அவரை பி.ஐ.பி.யில், அதாவது வேலை சரியில்லை, இத்தனை நாளில் முன்னேற வேண்டும் என்று கெடு வைக்கும் பட்டியலில், போட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. வீட்டில் அவர் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோழி போனில் கேட்கிறாள்: “ஆபீஸ்ல எப்படி இருக்காரு? நல்லா செட் ஆயிட்டாரா?” சொன்னால் ஆபீஸ் ரகசியம் வெளியே போகிறது, ஒரு வீட்டுக்குள் நெருப்பும் வைக்கிறோம். சொல்லாவிட்டால் தெரிந்தே மறைத்தவர் ஆகிறோம். இதைத் தாண்டி வந்த நட்புகள் இருக்கலாம். அந்தச் சோதனையை வலிய இழுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மனைவி கேட்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேட்பது அவளா, அவரா? பல வீடுகளில் வேலை போன கணவருக்கு வெளியே கேட்கக் கூச்சமாக இருக்கிறது; மனைவி தன் தோழிகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவருக்கு அது தெரியாமலேகூட இருக்கும். ரெஸ்யூமை அனுப்புவது அவள், எந்த டெக்னாலஜி என்று கேட்டால் “இரு, கேட்டுச் சொல்றேன்” என்பதும் அவள். தான் விரும்பாத ஒரு வேலைக்குத் தன் பெயர் போயிருப்பது இன்டர்வியூ கால் வரும்போதுதான் அவருக்குத் தெரியும். அவரே ஒரு தடவை போன் செய்து பேசட்டும் என்று சொல்வதில் தவறே இல்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சில் அவருக்கு என்ன தேவை என்பது தோழி சொன்னதைவிடத் தெளிவாகப் புரியும்.

இத்தனைக்குப் பிறகும் மறுப்பது நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? நம்மிடையே வேலை என்பது நீண்ட காலமாகத் தெரிந்தவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி தன் ஊர், தன் சாதி, தன் உறவு என்று திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்துதான் திரட்டினார். வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இத்தனை சதம் என்று தோட்டம் அவருக்குக் காசு கொடுத்தது. வந்தவர்களுக்கு முன்பணம் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கடனே அவர்களைக் கட்டிப்போட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே ஆலைகளில் மேஸ்திரி, பம்பாய் ஆலைகளில் ஜாபர். வேலை வாங்கித் தருவதும் அவர்கள்தான், அதற்குக் கையூட்டு வாங்குவதும் அவர்கள்தான். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த விட்லி கமிஷன் 1931-இல் வெளியிட்ட அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபர்களிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் அலுவலர்களிடம் கொடுக்கச் சொன்னது.

அந்தக் கட்டமைப்பு போய்விட்டது, அதன் மனக்கணக்கு போகவில்லை. ஒருவர் கைகாட்டி வேலைக்குப் போனால் இருவருக்கும் இடையே ஒரு கடன் விழுந்துவிடுகிறது. ரேச்சல் ஹீத் என்ற பொருளாதார ஆய்வாளர் டாக்காவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூலிக் கணக்கிலேயே காட்டியது. அங்கே ஒருவர் அழைத்துவந்த ஆள் சரியாக வேலை செய்யவில்லை என்றால், அதன் சுமை அழைத்துவந்தவரின் சம்பளத்திலும் விழுந்தது. புதியவர் பொறுப்பாக நடக்க இவரே பிணை. ஐ.டி. நிறுவனத்தில் சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்கள். “இவங்க அனுப்பின ஆளா?” என்று மேனேஜர் ஒரு தடவை கேட்டாலே போதும், அடுத்த முறை நிஜமாகவே தகுதியுள்ள ஒருவரை நாம் அனுப்பும்போது அந்த ரெஸ்யூமுக்கு மதிப்பு இருக்காது. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது, ஏனென்றால் அதில் அடிபடுவது மூன்றாவது ஆள்.

கொல்கத்தாவில் லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் இருவரும் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனையும் இங்கே பொருத்தமானது. வந்தவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யவைத்து, அடுத்து உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துவாருங்கள் என்றார்கள். சிலருக்கு யாரை அழைத்துவந்தாலும் ஒரே தொகை. மற்றவர்களுக்கு, வந்தவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அதைப் பொறுத்துத் தொகை. இரண்டாவது வகையினர் உறவினர்களைக் குறைவாகவும் கூட வேலை செய்தவர்களை அதிகமாகவும் அழைத்துவந்தார்கள். விளைவு தன்னையும் தொடும் என்றால் மனிதர்கள் சொந்தத்தைத் தள்ளிவைத்து, வேலையில் பார்த்த ஆளைத் தேடுகிறார்கள். தோழிக்குத் தயங்கும் நம் கையும் அதைத்தான் செய்கிறது.

அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர் கொடுக்க வேண்டிய நன்னடத்தைச் சான்றிதழின் வாசகத்தைப் பாருங்கள். இவரை இத்தனை வருடம், இத்தனை மாதமாக எனக்குத் தெரியும். நானறிந்தவரை நற்பெயர் உள்ளவர். இவர் எனக்கு உறவினர் அல்லர். கால அளவும் உறவின்மையும் அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்: தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு அதிகாரியைப் பிடித்து, ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பச்சை மையில் கையெழுத்து வாங்கிவந்துவிடுகிறார்கள். எல்லாரும் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்ததால்தான் அந்தக் கையெழுத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் 1994-இல் தீர்ப்பான ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில், கவனமில்லாமல் எழுதிய மோசமான ரெஃபரன்ஸால் வேலை கிடைக்காமல் போனவருக்கு, அதை எழுதியவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. வேலை செய்த தேதி, பதவி தவிர வேறெதையும் எழுதிக் கொடுக்காத நிறுவனங்கள் அங்கே நிறைய. இந்தியாவிலும் பல ஹெச்.ஆர். துறைகளின் வழக்கம் இதுதான். நிறுவனங்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, தனி மனிதர் தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, எப்படி மறுப்பது? நம்மில் அதிகம் பேர் செய்வது “பார்க்கிறேன்” என்பது. எனக்குத் தெரிந்து இதைவிடக் கெட்ட பதில் இல்லை. அந்த வீட்டில் இருவரும் அதை “ஆகட்டும்” என்று எடுத்துக்கொள்வார்கள். நேராக விண்ணப்பிக்காமல் காத்திருப்பார்கள், அதற்குள் இடம் நிரம்பிவிடும். “இப்ப ஹைரிங் ஃப்ரீஸ்” என்பதும் நிற்காது. அடுத்த நாளே லிங்க்ட்இன்னில் நம் கம்பெனியின் விளம்பரம் அவர் கண்ணில் படும். “போட்டுட்டேன், ஹெச்.ஆர். இன்னும் பதில் சொல்லலை” என்பது அதைவிட மோசம். ரெஃபர் செய்தால் பெரும்பாலான போர்ட்டல்களிலிருந்து விண்ணப்பதாரருக்கே தானாக மெயில் போகும். அது வராதபோது பொய் தெரிந்துவிடும். மறுப்பைத் தாங்கும் நட்பு இந்தப் பொய்யைத் தாங்காது.

செய்தி வந்த அன்றோ மறுநாளோ, எழுதாமல் போனில் சொல்வது நல்லது. இந்த மாதிரி:

“டி, அவரை ரெஃபர் பண்ண எனக்கு மனசு ஒப்பலை. அவர்கூட நான் வேலை செஞ்சதே இல்லையே, எப்படி வேலை செய்வார்னு கேட்டா நான் என்ன எழுதுவேன்? கூட வேலை செஞ்சவங்களை மட்டும்தான் ரெஃபர் பண்றதுன்னு வச்சிருக்கேன். ஆனா ஜாப் ஐ.டி. அனுப்புறேன், காத்திருக்காம நேரா அப்ளை பண்ணச் சொல்லு. சனிக்கிழமை என்கிட்ட பேசச் சொல்லு, இன்டர்வியூ எத்தனை ரவுண்டு, என்ன கேப்பாங்கன்னு நான் சொல்றேன்.”

கூட வேலை செய்தவர்களை மட்டும் என்று சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். போன மாதம் சித்தி மகனை ரெஃபர் செய்துவிட்டு இவளிடம் இதைச் சொல்ல முடியாது. அவர் மேல் குறை எதையும் சொல்லாதீர்கள். அவள் துருவிக் கேட்டாலும் “எனக்கு அவர் வேலையைத் தெரியாது” என்ற இடத்தை விட்டு நகர வேண்டாம். “ஒரு கிளிக்தானே” என்பாள். கிளிக் சின்னதுதான், அதில் போவது என் பேர் என்று சொல்லலாம். கோபித்துக்கொண்டால் இரண்டு வாரம் கழித்து நாமே கூப்பிட்டு, இன்டர்வியூ ஏதும் வந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

அந்த சனிக்கிழமைப் பேச்சை நான் வெறும் ஆறுதல் பரிசாக நினைக்கவில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தொடர்புகள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சேதி நெருங்கியவர்களிடமிருந்து வரவில்லை, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களிடமிருந்து வந்தது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதுச் சேதி கொண்டுவரும். தோழியின் கணவருக்கு நாம் அப்படிப்பட்ட தூரத்து அறிமுகம். எந்த டீம் வேகமாக ஆள் எடுக்கிறது, நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள் என்றால் தள்ளிவிடுவார்களா, ரெஸ்யூமில் எந்த புராஜெக்டை மேலே வைக்க வேண்டும், ரிலீவிங் லெட்டர் வராத பழைய கம்பெனியைப் பற்றி முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்பதெல்லாம் வெளியே இருந்து தெரியாது. இவற்றை மறைக்காமல் கொடுத்தால், நம் பெயரைக் கொடுக்காமலேயே அவருக்கு நிஜமான பலன் கிடைக்கும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேட்பவர் நண்பர், வேலை தேடுவது அவர் மனைவி, குழந்தை பிறந்து சில வருடம் வீட்டில் இருந்தவர் என்றால், நேராக விண்ணப்பித்தால் பல இடங்களில் அந்த இடைவெளியைப் பார்த்ததுமே ரெஸ்யூமை ஒதுக்கிவிடுகிறார்கள். வேலை தெரிந்த பெண்ணுக்கு வாசலே திறப்பதில்லை. அங்கே நான் ரெஃபர் செய்வேன், உண்மையை எழுதித்தான் செய்வேன்: “இவருடன் நான் பணியாற்றியதில்லை. நண்பரின் மனைவி. இடைவெளிக்கு முன் இன்ன துறையில் இத்தனை வருட அனுபவம். இன்டர்வியூ செய்து பார்த்து முடிவெடுக்கவும்.” அறிமுகத்துக்கும் உத்தரவாதத்துக்கும் நடுவே உள்ள கோட்டை நாமே எழுத்தில் போட்டுவிடுகிறோம். கணவர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறதே என்று கேட்கலாம். திறந்திருக்கிறதுதான், போர்ட்டலில் அப்படி எழுத இடமிருந்து, தோழியும் அந்த வாசகத்தைப் படித்துப் பார்த்துச் சரி என்றால். பெரும்பாலும் அதைப் படித்ததும், “இதுக்கு ரெஃபர் பண்ணாமலேயே இருக்கலாமே” என்பார்கள். அப்போது கேட்கப்பட்டது அறிமுகமா, உத்தரவாதமா என்பது இருவருக்குமே விளங்கிவிடும்.

அவர் தானே விண்ணப்பித்து இன்டர்வியூவுக்கு வந்துவிட்டால் வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவரைத் தேர்வு செய்யும் பேனலில் நம்மைப் போட்டிருந்தால், குடும்ப நண்பர் என்று ஹெச்.ஆர்.க்கு மெயில் போட்டு விலகிக்கொள்ள வேண்டும். “உங்களுக்குத் தெரிந்தவராமே, எப்படி?” என்று யாராவது கேட்டால், தோழியிடம் சொன்ன அதே வாக்கியம்தான்: கூட வேலை செய்ததில்லை. வேலை கிடைத்துவிட்டால் சேரும் முதல் வாரத்திலேயே மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது: ஆபீஸ் சேதி வீட்டுக்குப் போகாது, வீட்டுச் சேதி ஆபீசுக்கு வராது, சம்பளம், அப்ரைசல் பற்றி இருவரும் என்னிடம் கேட்கக் கூடாது. அந்தப் பேச்சை முதலில் எடுக்க வேண்டியது ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் நாம்தான்.